பட்டமும் பட்ட கடனும்

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கிணத்துக்கடவு. விடிவதற்கு முன்பே தக்காளிப் பெட்டிகள் வந்து இறங்கும் காய்கறிச் சந்தையும், சுற்றிலும் விரிந்து கிடக்கும் தென்னந்தோப்புகளும் அவ்வூரின் அடையாளங்கள். சென்ற ஆண்டு கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில், அங்குள்ள ஓர் இ-சேவை மையத்தில் நாம் சற்று நேரம் காத்திருக்க நேர்ந்தது. நமக்கு முன்னால் ஒரு தாயும், அவருடைய மகளும் மகனும் நின்றிருந்தார்கள். மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. 'முதல் பட்டதாரிச் சான்றிதழ்' வாங்குவதற்காக மூவரும் வந்திருந்தார்கள்.

குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால், முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்லும் பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை வழங்கும் திட்டம் 2010-2011ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே அச்சலுகை. அதற்கான விண்ணப்பத்தில் குடும்பத்தார் ஒவ்வொருவருடைய பெயரையும், அவர் எதுவரை படித்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கணினியின் முன் அமர்ந்திருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டார். "தாத்தா படிச்சவருங்களா?"

"இல்லீங்க அம்மிணி. கைநாட்டுத்தானுங்க."

"பாட்டி?" "அவங்களும் அப்படித்தானுங்க." "அப்பா?" "அஞ்சாவதுங்க." "நீங்க?" "எட்டாவதுங்க." "அக்கா?"

தாய் ஒரு கணம் தயங்கினார். மகளே முன்வந்து, "பத்தாவதுங்க" என்றாள். பத்தாம் வகுப்போடு நின்று, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்தவள் அவள் என்பது பிறகு பேச்சினிடையே தெரிந்தது. ஒப்பந்தம் முடிந்தபோது கையில் கிடைத்த தொகையில் ஒரு பகுதிதான் தம்பியின் விடுதிக் கட்டணமாகப் போகிறது.

அந்தத் தாளை நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். அரசாங்கத்துக்கு அது வெறும் விண்ணப்பம். நம் பார்வையிலோ அது ஒரு கடன் பத்திரம். படிக்காதவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே. படிக்கப் போகிறவன் பெயர் கடைசியில். அவர்கள் படிக்காததால் அன்றோ இவன் படிக்கிறான்! நம் மொழியில் 'முதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வரிசையில் முன்னது. மற்றொன்று, வட்டிக்கு மூலமான தொகை. 'முதல் பட்டதாரி' என்னும்போது இரண்டு பொருளும் சேர்ந்தே நிற்கின்றன.

பொதுமக்கள் பணத்தில் உயர்கல்வி பெற்றவர்கள் சமுதாயத்துக்குக் கடன்பட்டவர்களா? கடன் என்றால், அதை யாருக்கு, எவ்வாறு திருப்பித் தர வேண்டும்? பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நம் குடும்பங்கள் இக்கேள்வியை ஒருமுறையேனும் உணவு வேளையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

யாருடைய பணம்?

'அரசாங்கம் படிக்க வைத்தது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அரசாங்கத்துக்கென்று தனியாக ஒரு வயலும் தோப்பும் இல்லை. அதன் கருவூலத்தில் இருப்பது மக்கள் கொடுத்த பணம்.

வருமான வரி செலுத்துவோர் மட்டுமே வரி செலுத்துகிறார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. கிணத்துக்கடவுக் காடுகளில் தக்காளி பறிக்கும் பெண்மணி வருமான வரி செலுத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தம் செல்பேசிக்கு அவர் ரீசார்ஜ் செய்யும்போது, கட்டணத்தில் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி சேர்த்துத்தான் கொடுக்கிறார். அவர் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் வரி உண்டு. அவரை வேலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியின் டீசலிலும் வரி உண்டு.

இன்னொன்றையும் வேதனையோடு சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003ஆம் ஆண்டு முதல் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் உள்ளது. அதன் வழியாக 2023-2024ஆம் ஆண்டில் மாநில அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். அந்தப் பணத்தில் எத்தனை கூலித் தொழிலாளரின் சனிக்கிழமைச் சம்பளம் அடங்கியிருக்கும்! எத்தனை தாய்மாரின் கண்ணீர் கலந்திருக்கும்! பள்ளிக்கூடமும் கல்லூரியும் நடப்பது அதே பொதுக் கருவூலத்திலிருந்துதான். குடித்து அழிந்தவனுடைய பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்காமற் போயிருக்கலாம். அவன் இழந்த கூலியில் ஒரு பகுதி வேறொருவர் பிள்ளையின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது.

கோவை மக்கள் இத்தகைய பொதுச் செலவின் பயனைக் கண்முன்னே காண்கிறவர்கள். 1945இல் தோன்றிய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1966இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி, 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கிக் கோவைக்கு இடம் பெயர்ந்து 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வேளாண் கல்வி நிலையம் ஆகிய எல்லாம் பொதுப் பணத்தில் நடப்பவை. அண்மை ஆண்டுகளில் உதவிகள் இன்னும் பெருகியுள்ளன. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையிலேயே தொடங்கி வைக்கப்பட்டது.

இவற்றால் உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பது பெருமைக்குரியது. 2021-2022ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, இந்தியாவின் சேர்க்கை விகிதம் 28 விழுக்காடு. தமிழ்நாட்டிலோ 47 விழுக்காடு. ஆனால் அந்த எண்ணைத் திருப்பியும் படிக்க வேண்டும். கல்லூரி வயதுடையோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இங்கேயும் கல்லூரிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். வெளியே நிற்பவர்களும் வரி கொடுக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அவர்களே.

"நான் யாருக்கும் கடன்படவில்லை"

இவ்வாறு சொல்லும் இளைஞர்கள் பலர் உண்டு. அவர்கள் வாதத்தைப் பொறுமையாகக் கேட்பதே முறை.

"என் மதிப்பெண்ணால் எனக்கு இடம் கிடைத்தது" என்பார் ஒருவர். இரவு பகலாகப் படித்த உழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும், மதிப்பெண் அவருக்கு இடத்தைப் பெற்றுத் தந்ததே தவிர, அந்த இடத்தின் செலவைக் கொடுக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் படிப்பவர் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைக் கட்டணமாகச் செலுத்துகிறார். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலோ அதே படிப்புக்கு ஆண்டுதோறும் பல லட்சங்கள் ஆகின்றன. இடையிலுள்ள தொகையை யாரோ ஒருவர் ஏற்றிருக்கிறார் அல்லவா?

"நான் சுயநிதிக் கல்லூரியில் என் தந்தையின் பணத்தில் படித்தேன்" என்பார் மற்றொருவர். 1984க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகியதை நாம் அறிவோம். காட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர் கொங்கு நாட்டில் ஏராளம். இவர்களுடைய கடன் சிறியது என்பதை ஒப்புக்கொள்வோம். இல்லவே இல்லை என்று சொல்ல இயலாது. அவர்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களுள் பலர் அரசுக் கல்லூரிகளில் பயின்றவர்கள். அவர்கள் தேர்வெழுதிப் பட்டம் பெற்றதும் பொதுப் பணத்தில் உருவான பல்கலைக்கழகத்தின் பெயரால்தான்.

"கல்வி என் உரிமை, உரிமைக்குக் கடன் ஏது?" என்பது மூன்றாவது வாதம். இதுவே மூன்றிலும் வலிமையானது. உண்மைதான், கல்வி பிச்சை அன்று. பல தலைமுறைகளாகப் பள்ளிக்கூடத் திண்ணையில்கூட உட்கார விடப்படாத மக்களின் பிள்ளைகளிடம், இன்று படித்த மறுநாளே 'கடனைத் திருப்பிக் கொடு' என்று கேட்பது அநீதி. அவர்களுக்குச் சமுதாயம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் உரிமையும் கடமையும் பகையல்ல. தாய்ப்பால் குழந்தையின் உரிமை. வளர்ந்த பின் தாயைப் பேணுவது கடமை. தாய் கணக்கெழுதி வைத்துக் கேட்பதில்லை என்பதற்காகப் பிள்ளையின் கடமை மறைந்துவிடுமா?

பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் நிற்பவனை மறந்துவிடக் கூடாது. அவனிடம் கடனைப் பற்றிப் பேசுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். வசதியின் அளவே கடமையின் அளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சட்டம் வசூலிக்கும் கடன்

இக்கடனைச் சட்டத்தின் மூலம் வசூலிக்க முயன்ற துறை மருத்துவக் கல்வி. மேற்படிப்புப் பயிலும் மருத்துவர்களிடம், 'படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் பணியாற்றுவேன். தவறினால் இத்தனை லட்சம் செலுத்துவேன்' என்று பல மாநிலங்கள் ஒப்பந்தம் எழுதி வாங்குகின்றன. இதை எதிர்த்து மருத்துவர்கள் தொடுத்த வழக்கில் 2019 ஆகஸ்டு 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு பெருந்தொகை செலவிட்டுப் பயிற்றுவிப்பதையும், ஏழை மக்களுக்கு மருத்துவர் தேவைப்படுவதையும் கருதி, இவ்வொப்பந்தங்கள் செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இல்லாது முதுநிலைப் பட்டம் பெறுவோருக்கு இரண்டாண்டுப் பணி, தவறினால் 40 லட்சம் ரூபாய் என்றிருந்த ஒப்பந்தம், 2023இல் ஓராண்டு, 20 லட்சம் ரூபாய் எனக் குறைக்கப்பட்டது.

சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் குறை வெளிப்படை. இருபது லட்சத்தை எடுத்து வைக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை அதைக் கொடுத்துவிட்டு விடுதலை பெறலாம். கூலிக்காரர் மகனுக்கு அந்த வழி இல்லை. ஆக, கடன் ஏழைக்கு உழைப்பாகவும் செல்வருக்கு வெறும் கட்டணமாகவும் மாறிவிடுகிறது. மேலும், கடன் கேட்பவருக்கும் ஒழுங்கு வேண்டும். ஒப்பந்தம் எழுதி வாங்கிய அரசு, காலத்தே பணியிடம் தராமலும், தந்த இடத்தில் மருந்தும் கருவியும் தங்குமிடமும் இல்லாமலும் இளம் மருத்துவரை அலையவிடுமாயின், அது கடன் கேட்கும் தகுதியை இழக்கிறது.

ஆஸ்திரேலியா 1989இல் வேறொரு வழியைக் கண்டது. படிக்கும்போது மாணவர் கட்டணத்தைக் கையிலிருந்து செலுத்தத் தேவையில்லை. படித்து முடித்து, வருமானம் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பிறகே வரியோடு சேர்த்துச் சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்தினால் போதும். வேலையற்றவரை வருத்தாத நல்ல ஏற்பாடுதான். எனினும் இதிலும் பணத்தைக் கட்டி முடித்தவுடன் உறவும் முடிந்துவிடுகிறது. இ-சேவை மையத்தில் நாம் கண்ட அந்த அக்காளின் மூன்றாண்டு இளமையை எந்த வரித் துறை கணக்கிட முடியும்?

ஒரு கிராமத்துச் சோறு

தான்சானியா நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜூலியஸ் நைரேரேயை நம் வாசகர் சிலர் அறிந்திருப்பர். ஆசிரியராகத் தொழில் தொடங்கியவர். ஆழ்ந்த விசுவாசமுள்ள கத்தோலிக்கர். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணி 2005இல் தொடங்கப்பட்டது.

படித்தவரின் கடமையை விளக்க அவர் ஓர் உவமை சொல்வதுண்டு. பஞ்சத்தால் வாடும் ஒரு கிராமம். மிச்சமிருந்த உணவு முழுவதையும் திரட்டி ஊரார் ஒரே ஒருவனுக்கு ஊட்டுகிறார்கள். அவன் வலிமை பெற்று, தொலைவிலுள்ள ஊருக்கு நடந்துபோய், அனைவருக்கும் உணவு கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே ஊட்டுகிறார்கள். உண்டவன் திரும்பி வராவிட்டால் அவனுக்கு என்ன பெயர் சூட்டுவது? துரோகி என்ற சொல்லைத் தவிர வேறு சொல் நைரேரேக்குக் கிடைக்கவில்லை.

1966 அக்டோபரில் அவருக்கே ஒரு சோதனை வந்தது. பட்டதாரிகள் குறைந்த ஊதியத்தில் நாட்டுப் பணி ஆற்ற வேண்டும் என்ற திட்டத்தை எதிர்த்துத் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் ஊர்வலமாக வந்தார்கள். ஆளுகிறவர்கள் கொழுத்த சம்பளம் வாங்குவதையும் சுட்டிக் காட்டினார்கள். நைரேரே கடுஞ்சினம் கொண்டார். ஏறத்தாழ நானூறு மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார். பெரும்பாலோர் பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் அதே நாளில் அவர் வேறொன்றும் செய்தார்: தம் சம்பளத்தில் நூற்றுக்கு இருபது பங்கைத் தாமே குறைத்துக்கொண்டார்.

மாணவரைத் தண்டித்தது சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது பின்னதை. கடமையைப் பிறருக்கு நினைவூட்டுகிறவர் முதலில் தம் பங்கைச் செலுத்த வேண்டும். இளைஞருக்கு உபதேசம் செய்யும் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், இவ்வரிகளை எழுதும் நமக்கும் அது பொருந்தும்.

நம் குடும்பங்களின் தனிக் கடன்

கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நமக்கு இக்கடன் இரட்டிப்பானது. நம்மில் எத்தனை பேர் கன்னியர் பள்ளியிலும் திருச்சபைக் கல்லூரியிலும் படித்து முன்னுக்கு வந்தோம்! நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த புனித வளனார் கல்லூரி, கோவையில் 1948இல் தோன்றிய நிர்மலா மகளிர் கல்லூரி போன்றவற்றை எழுப்பியவர் துறவியர். அவர்கள் தங்களுக்கென வீடு கட்டவில்லை. பின்னர் அரசின் நிதி உதவியும் சேர்ந்தது. அந்த உதவியில், கோவிலுக்கே வராத எத்தனையோ பிற சமயத்து ஏழைகளின் வரிப்பணமும் கலந்திருக்கிறது. ஆகவே 'நம் கல்லூரி, நம் உரிமை' என்று மட்டும் பேசிவிட்டுப் போய்விட நமக்கு இயலாது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை பெங்களூரில் 1963இல் புனித யோவான் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. படித்து முடித்தவர் கிராமப்புற மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற உறுதிமொழி அங்கே ஒரு மரபாகவே வளர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் அத்தகைய மரபு உண்டு. நகரத்துப் பிள்ளைகள் பலர் அச்சத்தோடு சிற்றூர் மருத்துவமனைக்குப் போய், மருத்துவராகத் திரும்பியிருக்கிறார்கள். புத்தகத்தில் கற்காததை அங்கே கற்றார்கள். தாலந்தை மண்ணில் புதைத்தவனின் உவமையை நாம் ஆண்டுதோறும் கோவிலில் கேட்கிறோம். புதைத்தவன் திருடவில்லை, செலவழிக்கவுமில்லை. பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருந்தான். அதுவே அவன் குற்றம்.

இவ்விடத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. மகன் பட்டம் பெற்றுவிட்டால், "படிக்க வைக்க எவ்வளவு செலவு தெரியுமா?" என்று பெண் வீட்டாரிடம் கணக்குச் சொல்கிறவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். எத்தனை பவுன், என்ன கார் என்று பேச்சு நீளுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்தும் வழக்கம் மாறவில்லை. சிந்தித்துப் பாருங்கள். மகனுடைய படிப்பில் ஒரு பகுதியை ஊர் கொடுத்தது. ஒரு பகுதியை அக்காளும் தங்கையும் கொடுத்தார்கள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒரு காசும் கடன்படாத இன்னொரு பெண்ணின் தகப்பனிடம் வசூலிப்பது எந்த நியாயம்? கடன் கொடுத்தவர் ஒருவர், கட்டுகிறவர் மற்றொருவர், அனுபவிப்பவர் மூன்றாமவர். பொதுப் பணத்தில் பெற்ற பட்டத்தைத் திருமணச் சந்தையில் விலை வைப்பதைவிடப் பெரிய நன்றிகேடு இல்லை.

போனவர்கள்

'வெளிநாடு சென்றவர்கள் எல்லாரும் நன்றி கொன்றவர்கள்' என்று ஒரேயடியாகச் சொல்வதும் தவறு. இங்கே ஆய்வுக்கு வசதி இல்லாமல் போனவர் உண்டு. குடும்பத்தின் கடனை அடைக்கப் போனவர் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில் தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். ஓலைக் கூரைகள் காரை வீடுகளாகின்றன.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் நிறுவப்பட்டது. அங்கே 1970இல் முதுநிலைப் பட்டம் பெற்று அமெரிக்காவில் தொழிலதிபராக உயர்ந்த கிருஷ்ணா சிவுகுலா, 2024 ஆகஸ்டில் அக்கழகத்துக்கு 228 கோடி ரூபாய் வழங்கினார். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் மறவாத அந்த நன்றி போற்றத்தக்கது. ஆயினும் ஒன்று தோன்றுகிறது. படித்த கல்லூரியை நினைப்பது எளிது. அதன் வாசலில் நம் பெயரைப் பொறிப்பார்கள். அக்கல்லூரியின் செலவைச் சுமந்த, பெயர் தெரியாத ஊரை நினைப்பதே கடினம். அங்கே கல்வெட்டு வைக்க யாரும் இல்லை. கோடிகளைத் தர எல்லாராலும் முடியாது. அந்தப் பெயர் தெரியாத ஊருக்கு ஏதேனும் செய்வதோ எல்லாராலும் முடியும்.

கிணத்துக்கடவில் காத்திருக்கும் வேலை

அந்த ஊர் நமக்கு மிக அருகில்தான் இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியின் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுவே முதன்முறை. அதன்பின் கேரள வேர் வாடல் நோயும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வட்டாரத் தோப்புகளில் பரவியது. தாத்தா நட்ட மரங்களைப் பேரன் வெட்டிச் சாய்க்கும் காட்சியை இப்பகுதியில் கண்டவர்கள் பலர். ஆழியாறு நகரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கண்டறிந்ததை வரப்பில் நிற்கும் உழவருக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்ல, ஊருக்குள் ஒரு வேளாண் பட்டதாரி வேண்டாமா?

தக்காளியின் கதையும் அதுவே. ஒரு பருவத்தில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிறது. இன்னொரு பருவத்தில் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கிடைக்காமல் செடியிலேயே அழுகுகிறது. உணவுப் பதப்படுத்தலும் வணிகமும் படித்தவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய விடை இங்கே காத்திருக்கிறது. "படிச்ச புள்ளைங்க ஊருக்குள்ள வாரதே இல்லீங்க, வந்தாலும் கலியாணத்துக்கு வந்துட்டுப் போயிருதுங்க" என்று ஒரு முதிய விவசாயி நம்மிடம் சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லை; களைப்பு இருந்தது.

எல்லாரும் ஊருக்குத் திரும்பி வந்து குடியேற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது நடவாது, தேவையுமில்லை. நடக்கக்கூடிய மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். உங்கள் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்தியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவருக்குச் செலுத்தாமல் வெளியே செய்யும் தருமம் விளம்பரமாகிவிடும்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு நாள் ஊதியம். 30,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறவருக்கு அது 1,000 ரூபாய். அரசு ஒரு மாணவிக்கு மாதந்தோறும் தரும் உதவித்தொகையும் அதே 1,000 ரூபாய்தான். ஆக, ஒரு சாதாரணப் பட்டதாரி தன் ஒரு நாள் உழைப்பால் இன்னொரு மாணவிக்கு அதே அளவு உதவ முடியும். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் ஜூன் மாதம் வந்தால் கல்விக் கட்டணம் கேட்டு வரும் குடும்பங்களைக் கண்டு கையைப் பிசைந்து நிற்கிறார்கள். அவர்களிடம் பட்டதாரிகளுக்கென ஒரு தனிக் கணக்கேட்டைத் தொடங்கச் சொல்லலாம்.

மூன்றாவது, பணமில்லாதவரும் தரக்கூடிய நேரம். வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரிக்குச் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி, எந்தச் சலுகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பதை அறியாமலேயே வாய்ப்பை இழக்கும் குடும்பங்கள் எத்தனை! அவ்வழியில் ஒருமுறை நடந்தவரே அடுத்தவருக்கு வழிகாட்ட ஏற்றவர். ஒவ்வொரு முதல் பட்டதாரியும் தன் தெருவில் ஒரு இரண்டாம் பட்டதாரியை உருவாக்கினால், முதலும் தீரும், வட்டியும் தீரும்.

நிற்க. அந்த இ-சேவை மையத்துக்கு ஒரு கணம் திரும்புவோம். விண்ணப்பம் பதிவாகிச் சீட்டுக் கைக்கு வந்ததும், அந்த இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தோம். "படித்து முடித்து என்ன செய்வாய், தம்பி?" என்று கேட்டோம்.

"பெங்களூருக்கு வேலைக்குப் போவேனுங்க ஐயா" என்றான் சற்றும் தயங்காமல். அக்காள் சிரித்தாள். அதில் பெருமைதான் தெரிந்தது.

போகட்டும். பெங்களூருக்கும் போகட்டும், கடல் கடந்தும் போகட்டும். அந்த அக்காளுக்கு வயது இருபத்தொன்றுதான். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதவும், பின்பு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் வீட்டிலிருந்தே பட்டம் பெறவும் அவளுக்கு இன்னும் வழி திறந்திருக்கிறது. குடும்பத்துக்கு ஒன்றே ஒன்றான சலுகையைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவளுக்கு இனி அரசின் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடையாது. அவளுக்குச் சலுகை தர வேண்டியவன் அவன்தான்.

அவன் முதல் மாதச் சம்பளத்தை எண்ணும் நாளில், அந்த விண்ணப்பத் தாள் அவன் நினைவுக்கு வரட்டும். தன் பெயருக்கு மேலே இருக்கும் வரியை, அக்காளின் பெயரையும் அதற்கு எதிரேயுள்ள 'பத்தாம் வகுப்பு' என்ற சொற்களையும், அவன் ஒருமுறை வாசிக்கட்டும். அந்த வரியைத் திருத்தி எழுதுவதில் அவன் கடனடைப்பு தொடங்கட்டும்.

நம் வீடுகளிலும் அப்படி ஒரு தாள் இருக்கிறது. எழுதப்படாமல் இருக்கலாம்; இல்லாமல் இல்லை. இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து அதை எழுதிப் பார்ப்போமா?